பீலியில் எடுத்த படமும் அந்தரங்கம்தான்

சமூக ஊடகத் தளங்களை நடத்தும் நிறுவனங்களுக்கு,

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பெண் பிள்ளைகளின் படங்கள் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் உங்கள் தளங்களில் சுற்றும்போது, முதலில் அவர்கள் வந்து நிற்பது பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆசிரியைமாரிடம்தான். வீட்டில் சொன்னால் அடி விழும், படிப்பு நிற்கும். பொலிசுக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரியும். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லா வீட்டுக்கும் குளியலறை கிடையாது. ஊற்றுத் தண்ணீர் மலையிலிருந்து பீலியில், அதாவது திறந்த வெளியில் இருக்கும் தண்ணீர்க் குழாயில், வந்து விழும். பெண்கள் பாவாடையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு அங்கேதான் குளிப்பார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் அந்த வழியாகப் போகமாட்டார்கள், போக வேண்டி வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு அது. இப்போது தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

அப்படி எடுத்த வீடியோ ஒன்று போன வருடம் ஒரு தளத்தில் வந்தது. அதில் இருந்தவள் எங்களிடம் உயர்தரம் முடித்து, முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண். வீடியோவுக்குக் கீழே அவளுடைய பெயர், தோட்டம், தோட்டத்தில் அவள் இருக்கும் டிவிஷன் என்ற பிரிவு, இன்னாரின் மகள் என்பதுவரை தமிழில் எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து முறைப்பாடு செய்தோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. திரும்பவும் செய்தோம், திரும்பவும் அதே பதில். உடம்பில் துணி இருந்ததால் அது உங்கள் கணக்கில் அந்தரங்கமாகத் தெரியவில்லை போலும். அவள் வேலையை விட்டுவிட்டாள். பீலிக்குப் போவதையும் விட்டுவிட்டாள், இருட்டிய பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் குளிக்கிறாள்.

எவ்வளவு உடம்பு தெரிகிறது என்று அளந்து பார்த்து அந்தரங்கத்தைத் தீர்மானிக்காதீர்கள். ஒரு பெண் தானே விரும்பிப் போடும் படத்தில் இதைவிட அதிகம் தெரியலாம், அதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. இங்கே அவள் குளித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாமல் எடுத்தார்கள், அவள் வேண்டாம் என்கிறாள். படத்தில் இருப்பவளே அதைச் சொல்லும்போது முதலில் மறைத்து வையுங்கள், ஆராய்ச்சியை அப்புறம் செய்யுங்கள். கீழே எழுதியிருப்பதை எங்கள் ஊர்த் தமிழ் புரிந்த ஒரு மனிதர் வாசிக்கட்டும். டிவிஷன் பெயரையும் அப்பாவின் பெயரையும் போட்டால் அவளுடைய வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்ததாக ஆகும் என்பது அவருக்குத்தான் விளங்கும்.

ஆள் போதாது என்பது இந்த மலைநாட்டுக்குப் பழைய கதை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, பேஸ்புக்கில் சிங்களத்தில் ஓடிய வெறுப்புப் பதிவுகளைத் தடுக்க அந்த மொழி தெரிந்தவர்கள் போதுமான அளவு இருக்கவில்லை. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதம் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒரு பெண்ணுக்கு நடப்பது கலவரம் போல வெளியே தெரியாது. அதற்காக அது சின்ன விஷயம் ஆகிவிடாது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. சம்மதம் இல்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க 2021 டிசம்பரில் வந்த ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்ற இணையச் சேவை நல்ல ஏற்பாடு. படம் போனை விட்டு வெளியே போகாமலேயே அதற்கு 'ஹேஷ்' என்ற அடையாள எண் ஒன்று உருவாகிறது. அந்த எண் மட்டும் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது, அதே படத்தை யாராவது ஏற்றினால் பிடிபடுகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2017 இல் அவுஸ்திரேலியாவில் படத்தையே அனுப்பச் சொல்லி பேஸ்புக் பரீட்சித்துப் பார்த்ததை நினைத்தால், இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த எண்ணை உருவாக்கப் படம் அவளுடைய கையில் இருக்க வேண்டுமே! ஒளிந்திருந்து எடுத்தவனிடம்தான் அது இருக்கிறது. வீடியோ கோலில் பேசும்போது அவளுக்குத் தெரியாமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்தவனிடம்தான் இருக்கிறது. அவனிடமே போய்க் கேட்பதா? பதிவு உங்கள் தளத்தில் இருக்கும்போது கோப்பும் உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு முறைப்பாடு சரி என்று ஏற்றுக்கொண்டதும் அந்த எண்ணை நீங்களே உருவாக்கி மற்றத் தளங்களுக்கும் கொடுங்கள். ஒவ்வொரு கணக்காகத் தேடி, தன் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து முறையிடும் வேலையை அவளுடைய தலையில் கட்டாதீர்கள்.

அப்புறம், முறைப்பாடு செய்கிறவளின் இரகசியம். எங்கள் பக்கம் பலருக்குக் கணக்கைத் திறந்து கொடுத்ததே போன் கடைக்காரப் பையன்தான், பாஸ்வேர்ட் அவனுக்கும் தெரியும். வீட்டில் ஒரே போன், பகலில் அவளிடம், இரவில் அண்ணனிடம். நீங்கள் அனுப்பும் பதில் திரையில் வந்து விழும்போது அதை வாசிப்பது யார் என்று யோசித்தீர்களா? கணக்கு இல்லாமலே முறையிட ஒரு வழி வேண்டும். பதிலை அவள் தானாக வந்து பார்க்கும்படி வைக்க வேண்டும். ஏற்கனவே ஒரு படம் கைமாறிப் போய்ப் பயந்து நிற்கிறவளிடம் அடையாள அட்டையின் படத்தைக் கேட்காதீர்கள்.

அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம், இத்தகைய படங்களை முறைப்பாடு கிடைத்து 48 மணித்தியாலத்துக்குள் அகற்றச் சொல்கிறது. அங்கே முடிந்தால் எங்கள் பக்கத்து மஸ்கெலியாவுக்கும் முடியும். இலங்கையில் 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (இணையப் பாதுகாப்புச் சட்டம்) கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று பலர் எதிர்த்தார்கள், நானும் அந்தப் பக்கம்தான். அரசாங்கத்துக்குப் பிடிக்காத பதிவுகளை நீக்கும்படி நான் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் உடம்பை அவளைக் கேட்காமல் காட்டும் படத்தை, அவள் சொன்னதும் எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவின் லிங்க், போட்டவனின் கணக்குப் பெயர், திகதி மூன்றையும் அது மறைவதற்கு முன் எழுதி வையுங்கள். காசு கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பான். உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண்கள்: சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. படத்தை நீங்களே ஒருவனை நம்பி அனுப்பியிருந்தாலும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்