தந்திச் சாவி மறுபடியும் தட்ட உதவுங்கள்

அன்புடையீர்,

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் ஒரு தந்திச் சாவியும் (தந்தி அனுப்பத் தட்டும் கருவி), வரும் தந்தியை ‘டக் டக்’ என்று ஒலிக்கும் அதன் ஒலிக்கருவியும் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் ஒருவரின் குடும்பம் தந்தது. பித்தளை கறுத்து, காந்தச் சுருளின் கம்பி ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. இவற்றைத் திருத்தி, இரண்டு அறைகளுக்கிடையே கம்பி இழுத்து, பிள்ளைகள் தாங்களே தந்தி அடித்துப் பார்க்க ஒரு சிறு காட்சியறை அமைக்கப் போகிறோம்.

1850களில் ஐரோப்பியக் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் தரிக்கும். அங்கே வந்திறங்கும் செய்திகளை ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்கள் மூலம் கொழும்புக்கு எடுப்பித்தது. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி வந்தது. புறாக்களுக்கு வேலை போயிற்று. அப்புறம் மன்னார்ப் பக்கமாகக் கடலடியில் கேபிள் போட்டு இந்தியாவோடு இணைத்தார்கள். லண்டன் கோப்பி விலையைக் கப்பல் கொண்டுவரும்வரை காத்திருந்த வியாபாரிகளின் காலமும் மெல்ல முடிந்தது.

எங்கள் ஆட்களுக்கோ தந்தி என்றாலே வயிறு கலங்கும். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்த கிளாக்கரின் வாசலில் தந்திக்காரரின் சைக்கிள் நின்றால் அக்கம்பக்கமும் எட்டிப் பார்க்கும். சொல்லுக்குச் சொல் காசு. அதனால் ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’, அவ்வளவுதான். அம்மா இருக்கிறாவா இல்லையா என்று தெரியாமலே இரவு மெயில் ரயிலில் யாழ்ப்பாணம் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்களையும், புள்ளியும் கோடுமான மோர்ஸ் தந்திக் குறியீட்டைக் காதால் கேட்டே படித்த பழைய ஊழியர்களையும் ஒலிப்பதிவு செய்வதுதான் அவசரமான வேலை. ஒரு ‘டக்’குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை வைத்தே புள்ளியா கோடா என்று பிடித்துவிடுவார்கள். கருவியை அடுத்த வருடமும் திருத்தலாம். எண்பது தாண்டியவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

கருவி திருத்தம், கம்பி வேலை, கண்ணாடி அலுமாரி, ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் 4,50,000 ரூபாய் தேவை. 500 ரூபாயும் எங்களுக்குப் பெரிய உதவிதான். வாசிகசாலை மேசையில் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வரவு செலவை மாதாமாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். பணம் வசதிப்படாதவர்கள் வீட்டிலுள்ள பழைய தந்திகளைத் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
காட்சியறைக் குழுவினர்