தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஒரு குள்ள ஸ்புரூஸுக்குக் கொடுத்த வருடம்

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக நம் ஆண்டறிக்கையில் கத்தரியும் மிளகாயும் பாகலும்தான் முதலில் வரும். இந்த முறை அவை கடைசியில் வருகின்றன. போன பொதுக்கூட்டத்தில் நீங்கள் கேட்டுக்கொண்டபடி, செயற்குழு இந்த வருடத்தின் பெரும்பகுதியை ஒரே மரத்துக்குக் கொடுத்தது. ரொறன்ரோவின் ஸ்காபுறோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் நம்மவர்களின் முன்வளவில், வாசற்படிக்கு இரு பக்கமும் கூம்பு வடிவில் நிற்கிறதே, குள்ள அல்பேர்ட்டா ஸ்புரூஸ் என்ற அந்த ஊசியிலை மரம்தான் அது. ஆசையாக வாங்கி வைத்து, சில வருடங்களில் ஒரு பக்கம் பழுப்பாகி, கடைசியில் பிடுங்கி எறிந்த கதையைப் பல வீடுகளில் கேட்டோம். டவுன்ஹவுஸின் முன்வளவில் ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கண்ணுக்குப் பச்சையாக ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இதற்கு இவ்வளவு நேரம் கொடுத்தோம்.

வசந்தகாலத்தின் முதல் கூட்டத்தில் மரத்தின் பூர்வீகத்தைப் பற்றிப் பேசினோம். 1904ஆம் ஆண்டு பொஸ்டனில் உள்ள ஆர்னல்ட் மரப்பூங்காவைச் சேர்ந்த ஜோன் ஜோர்ஜ் ஜாக், அல்பிரட் ரேடர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் மேற்குக் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் லேக் லூயிஸ் பக்கம் போயிருந்தார்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு அப்போது லாகன் என்று பெயர். ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அக்கம்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தபோதுதான் இந்தக் குட்டை மரம் கண்ணில் பட்டது என்று சொல்வார்கள். ஜாக் கியூபெக்கில் பிறந்தவர் என்பது எங்களில் பலருக்குப் புதுச் செய்தி. நியூபவுண்ட்லாந்து முதல் அலாஸ்கா வரை காடுகாடாக வளர்கிற வெள்ளை ஸ்புரூஸில் இயற்கையாக ஏற்பட்ட ஒரு மாற்றம் இது. விதை போட்டு இதே குணத்தை எதிர்பார்க்க முடியாது. கிளைத்துண்டுகளை வேரூன்ற வைத்துத்தான் பெருக்குகிறார்கள். ஆக, நம் வாசலில் நிற்பது இந்த நாட்டு மரம். பூச்சியம் பாகைக்குக் கீழே முப்பது போனாலும் குளிர் மட்டும் இதைக் கொல்லாது.

குள்ள மரம் என்றால் ஓர் அளவோடு நின்றுவிடும் என்று பலர் நினைத்திருந்தார்கள். அது நிற்பதில்லை, மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் கணக்கில் வருடத்துக்கு 2.5 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வளர்வதெல்லாம் குள்ள வகை. நம் மரம் 5 முதல் 10 சென்ரிமீற்றர் வளரும். முப்பது வருடத்தில் மூன்று மீற்றர் உயரத்தைக்கூட அது எட்டலாம். யன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி நட்டவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஏனென்றால் இந்த மரத்தைப் பின்னால் வெட்டிச் சிறிதாக்க வழி இல்லை. கூம்பின் உள்ளே கைவிட்டுப் பார்த்தால் காய்ந்த குச்சிகள்தான் இருக்கும். பச்சை இல்லாத அந்தப் பழைய கிளையில் புதுத் தளிர் வராது. கறிவேப்பிலையை ஒடித்தால் நாலு கிளை வருகிறதே, அந்தப் பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது. யூன் மாதத்தில் அந்த வருடத் தளிரின் நுனியை லேசாகத் தட்டிவிடலாம், அதோடு சரி.

இந்த ஒரு குணம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான செடிகளில் சேதம் தெரிந்த பிறகு வைத்தியம் செய்ய அவகாசம் உண்டு. இந்த மரத்தில் வெறுமையான இடம் வெறுமையாகவே நிற்கும், அல்லது மூடப் பல வருடம் பிடிக்கும். அதனால் பழுப்பு தெரிவதற்கு முன்னால் நாம் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது, இலைச் சாறை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரியான சிலந்திப்பேன். இந்த வருடத்தின் மிகப் பயனுள்ள கூட்டம் இதைப் பற்றியதுதான். கத்தரியிலும் வீட்டுக்குள் வைத்த கறிவேப்பிலையிலும் வருகிற சிலந்திப்பேனை நமக்கு நன்றாகத் தெரியும். அது சூட்டிலும் வரட்சியிலும் பெருகும். ஸ்புரூஸில் வருவது வேறு இனம், அதற்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். கிளைகளில் முட்டையாகக் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் பொரித்து, ஊசி இலைகளின் சாறை உறிஞ்சும். கடும் கோடையில் அடங்கிவிடும். செப்ரெம்பரில் குளிர் தொடங்கியதும் திரும்ப வரும். மரம் பழுப்பாவதை நாம் கவனிப்பதோ யூலையில். அந்த நேரத்தில் மருந்து அடித்து என்ன பயன்?

பார்க்கிற முறை மிக எளிது. வெள்ளைத் தாள் ஒன்றைக் கிளைக்குக் கீழே பிடித்து, கிளையைத் தட்ட வேண்டும். விழுந்த புள்ளிகள் நடக்கத் தொடங்கினால் அது பேன். விரலால் தாளில் தேய்த்தால் பச்சைக் கோடு விழுகிறதென்றால் இலையைத் தின்கிற பேன். வேகமாக ஓடுபவை பெரும்பாலும் அந்தப் பேனைத் தின்கிற நல்ல பேன்கள், அவற்றைக் காப்பாற்ற வேண்டும். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இந்த நல்லவைதான். பிறகு கெட்டவை முன்னைவிட அதிகமாகப் பெருகும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்ட அழகுக்காக இரசாயனப் பூச்சிகொல்லி அடிப்பதைச் சட்டமும் தடுத்திருக்கிறது. இதை நல்ல சட்டமாகவே நான் கருதுகிறேன். நமக்குத் தேவையானது தண்ணீர்க் குழாயும் கொஞ்சம் பொறுமையும்தான். கூம்பின் உட்பக்கமும் கீழ்ப்பக்கமும் படும்படி வேகமாகத் தண்ணீர் அடித்து, சில நாள் விட்டுத் திரும்பத் திரும்பச் செய்தால் பேனின் தொகை குறைந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால், அனுமதிக்கப்பட்ட பூச்சிச் சவர்க்காரக் கரைசலை ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போகலாம்.

ஒரு பக்கம் மட்டும், அதுவும் தெற்கு அல்லது தென்மேற்குப் பக்கம், மார்ச்சில் கருகியிருந்தால் அது பேன் அல்ல. பெப்ரவரி வெயில் இலையைச் சூடாக்கி ஈரத்தை இழுக்கும், நிலம் உறைந்திருப்பதால் வேர் தண்ணீர் கொடுக்க முடியாது. செங்கல் சுவரும் வெள்ளை நிறக் கராஜ் கதவும் வெயிலைத் திருப்பி அடித்து இதை மோசமாக்கும். வீதியில் போடுகிற உப்பு தெறித்தாலும் இதே நிறம்தான் வரும். இதற்கு மருந்து ஒக்ரோபரில் இருக்கிறது. நிலம் உறையும் வரை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். அப்புறம் மரத்திலிருந்து சற்றுத் தள்ளி மூன்று தடிகளை நட்டு வெயிலும் காற்றும் வருகிற பக்கம் சணல் சாக்கைக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றவே வேண்டாம். கருகிவிட்டது என்று மார்ச்சிலேயே அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம். இலை கருகினாலும் மொட்டு உயிரோடு இருக்கலாம். மே மாதம் வரை பொறுத்திருந்து, தளிர் வராத கிளையை மட்டும் எடுங்கள்.

நத்தார் காலத்துச் சட்டி மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் அலங்காரம் செய்து கடைகளில் விற்கிற சின்ன மரங்களில் நிறைய இதே இனம். அவற்றைத் தைப்பொங்கல் வரை வரவேற்பறையில் வைத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. சூடான அறையில் மரத்தின் உறக்கம் கலைந்துவிடும், காற்றின் வரட்சியும் சேர்ந்து அதைக் கொன்றுவிடும். வீட்டுக்குள் ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள்தான் வைத்திருக்கலாம். பிறகு சூடாக்காத கராஜில் யன்னலோரம் வைத்து, மண் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டு, வசந்தத்தில் வெளியே நட வேண்டும். குழந்தைகள் ஆசையோடு அலங்கரித்த மரம் வாசலில் வளர்வதை அவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம்.

நடுகிற செய்முறையைச் செப்ரெம்பரில் ஓர் அங்கத்தவர் வீட்டில் செய்து காட்டினோம். சட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்த வேர்களைக் கத்தியால் கீறிவிட்டு, தண்டு விரிந்து வேராகிற இடம் மண்ணுக்கு மேல் தெரியும்படி வைத்தோம். ஸ்காபுறோவின் களிமண்ணில் ஆழமாகப் புதைத்த மரம் மூச்சுமுட்டிச் சாகும். தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவித்து நிலத்தடி எரிவாயு, மின்சார வழிகளைக் குறித்துக்கொள்வது கட்டாயம், வீட்டுக்காரருக்கு அது இலவசம். ஓரிரு வீடுகளில் மரத்தின் நடுவே நீண்ட ஊசியோடு ஒரு கிளை திடீரென்று வேகமாகக் கிளம்பியிருந்தது. மரம் தன் காட்டுப் பிறப்புக்குத் திரும்புகிற அறிகுறி அது. அதை அடியோடு வெட்டாவிட்டால் முழு மரத்தையும் அது விழுங்கிவிடும்.

வெயில் கொதிக்கிற டிரைவ்வே ஓரத்துக்கு ஸ்புரூஸ் வேண்டாம், குட்டை மூகோ பைன் தாங்கும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. நிழலான வாசலுக்கு யூ மரம் நல்லது, பழைய கிளையிலும் தளிர்க்கும். ஆனால் அதன் இலையும் விதையும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மரக்கறிப் பிரிவின் வேலைகள் வழக்கம்போல நடந்தன. நாற்றுப் பகிர்வும் விதைப் பரிமாற்றமும் குறையில்லாமல் முடிந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வெயிலென்றும் பாராமல் வீடு வீடாக வந்து மரங்களைப் பார்த்த இளைஞர் குழுவுக்கு என் நன்றி.

வரும் வருடம் ஏப்ரல் இறுதியிலும் செப்ரெம்பர் நடுவிலும் தாள் தட்டிப் பார்க்கும் இரண்டு நாட்களைச் செயற்குழு ஒழுங்கு செய்யும். லோறன்ஸ், லெஸ்லி சந்திப்பில் உள்ள ரொறன்ரோ தாவரவியல் பூங்காவுக்கு ஒரு பயணமும் உண்டு. சணல் சாக்கும் தடிகளும் வேண்டியவர்கள் இன்றே பெயர் கொடுத்தால் ஒக்ரோபருக்கு முன் மொத்தமாக வாங்கலாம். பதிவுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்