அந்தப் பையன் மேல் பழி இல்லை

அன்புள்ள வசந்தா,

தை மாதம் நீ போட்ட கடிதத்துக்கு ஆனியில் பதில் எழுதுகிறேன். நீ திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், வேலை என்று எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தால் என் தம்பி மகன் பாலு விஷயம் வந்து நிற்கும். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிடுவேன். இப்போது அதில் இன்னொன்றும் நடந்துவிட்டது. அதைச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை, இங்கிலாந்து ராணியைப் பற்றிய அந்த 'தி கிரவுன்' தொடரை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீதானே.

மற்றதெல்லாம் சுருக்கமாக. இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி இன்னும் ஒழுகுகிறது. பூதம் டீச்சரைக் கீழவாசலில் பார்த்தேன். அதே கைக்குட்டை, அதே கேள்வி. முதலில் உன்னைப் பற்றித்தான் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாலுவின் அம்மா சாந்தி போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று நான் முழுதாகச் சொன்னதில்லை. ஐப்பசியில் பாலு ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணியிருக்கிறான், காய்ச்சல், மெஸ் சாப்பாடு இறங்கவில்லை என்று. அவள் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். பஸ்ஸில் போயிருக்கலாம். தூறல் வேறு. சாதம் ஆறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. பைபாஸில் ஒரு லாரி. போலீஸ் திருப்பிக் கொடுத்த டிபன் கேரியரின் அடித்தட்டு ஒரு பக்கம் ஒடுங்கிப்போய், மேல்தட்டு அதில் உட்காராமல் சாய்ந்து நிற்கிறது. அதைப் பாலு கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறான். என் தம்பி ஒருமுறை எடுத்துப் பரணில் போட்டான். மறுநாள் பழையபடி கட்டிலுக்கடியில் இருந்தது.

சித்திரையில் லீவுக்கு இங்கே வந்திருந்தான். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய், திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "நான் போன் பண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. நான் என்ன சொல்ல? உன் மேல் தப்பு இல்லை என்று ஊரே சொல்லியாகிவிட்டது, அவன் காதில் ஏறவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த எபிசோட் ஞாபகம் வந்தது.

'தி கிரவுன்' இரண்டாவது சீசன், ஒன்பதாவது எபிசோட். உன் மகன் வீட்டு சோபாவில் பார்த்தோமே. நீ ராணியின் கழுத்தில் முத்துமாலை எத்தனை சரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாய், நான் சும்மா இரு என்று அதட்டிக்கொண்டிருந்தேன். ராணியின் கணவர் பிலிப் பள்ளிக்கூடப் பையனாக வருவாரே, அதுதான். ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியில் இன்னொரு பையனை அடித்துவிடுவான். தண்டனையாக, லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போகக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிடுவார். தம்பி வருவான் என்று வீட்டோடு இருக்க நினைத்த அக்கா செசிலி, அவன் வரவில்லை என்றதும் லண்டனில் ஒரு கல்யாணத்துக்கு விமானம் ஏறுவாள். விமானம் விழுந்துவிடும். இறுதிச் சடங்குக்கு வந்த இடத்தில் பெற்ற அப்பாவே எல்லோர் முன்னாலும் அந்தப் பையனைப் பார்த்து, உன்னால்தான் என் பெண் போனாள் என்பார். அந்த இடத்தில் நீ முத்துமாலையை மறந்துவிட்டு மூக்கை உறிஞ்சினாய். நானும்தான்.

அந்தக் கதையைத்தான் பாலுவுக்குச் சொன்னேன். 31 வருடம் வகுப்பில் வரலாறு சொன்ன அதே குரலில் சொன்னேன். "உன்னைவிட ஒரு வயசு சின்னவன்டா, பதினாறு. அப்பாவே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. அதையும் தாங்கிக்கிட்டு 99 வயசு வரைக்கும் இருந்தாரு." அவன் கேள்வி மேல் கேள்வி கேட்டான். அந்த அப்பா அப்புறம் பேசினாரா, சடங்கில் வேறு யாராவது அவனோடு நின்றார்களா என்று. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்துதான் படுத்தேன்.

மூன்று நாள் கழித்து, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அத்தை, அது நடக்கவே இல்ல. டிவிக்காக எழுதினது."

நான் பாதி பிழிந்த புடவையோடு நின்றேன். கண்ணாடி போடாததால் எழுத்து தெரியவில்லை. அவனே படித்துக் காட்டினான். "எனக்குன்னு ஒரு கதை சொன்னீங்களா?" என்றான். இல்லடா, உண்மை என்று நம்பித்தான் சொன்னேன் என்றேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான்.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன் வசந்தா. நடந்தது இதுதான். 1937. செசிலியின் கணவருடைய தம்பிக்கு லண்டனில் கல்யாணம். அக்டோபரில் நடந்திருக்க வேண்டியது, மாமனார் இறந்துபோனதால் நவம்பருக்குத் தள்ளி வைத்தார்கள். கொழுந்தன் கல்யாணத்துக்கு அண்ணி போகாமல் இருப்பாளா? முதலிலிருந்தே போவதாகத்தான் இருந்தாள். தம்பி வருகிறான் வரவில்லை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நவம்பர் 16 அன்று கணவர், மாமியார், இரண்டு பையன்கள் என்று குடும்பமாகக் கிளம்பினார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி. பெல்ஜியத்தில் ஆஸ்டெண்ட் பக்கம் மூடுபனியில் இறங்கப் பார்த்த விமானம் ஒரு செங்கல் தொழிற்சாலையின் புகைபோக்கியில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. கல்யாணத்தை நிறுத்தவில்லை, மறுநாளே சத்தமில்லாமல் நடத்தினார்கள். மணப்பெண் கறுப்பு உடுத்தியிருந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் நேராகப் போனது பெல்ஜியத்துக்கு, சவப்பெட்டிகளை ஊருக்குக் கொண்டுபோக. வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த ஒரு வயதுக் குழந்தை யோஹன்னாவை அவர்களே தத்தெடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்துக்குள் அதுவும் மூளைக்காய்ச்சலில் போய்விட்டது.

இதற்கு மேல் என்ன வேண்டும் ஒரு கதைக்கு? கறுப்பு உடுப்பில் ஒரு கல்யாணப் பெண்! அதை விட்டுவிட்டு, ஒரு 16 வயதுப் பையன் தலையில் பழியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "வாத்தியாரம்மா வேலையை டிவி முன்னால காட்டாதே" என்பாய். கல்லூரி நாடகத்தில் அட்டைக் கிரீடம் நழுவ நழுவ சேர அரசனாக நின்றவள், உனக்கு ராஜா வேஷத்தின் மேல் எப்போதும் ஒரு பாசம். நானும் கற்பனையே கூடாது என்கிற கட்சி இல்லை. ராணியும் பிரதமரும் வாராவாரம் தனியாகச் சந்திப்பார்கள், கூட ஒருவரும் இருக்கமாட்டார்கள், குறிப்பும் எடுக்கமாட்டார்கள். அந்த அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதை எழுதத்தான் வேண்டும், வேறு வழியில்லை. தொடரை எழுதிய பீட்டர் மார்கன் அதை நன்றாக எழுதத் தெரிந்தவர்தான், அதை மட்டுமே வைத்து ஒரு மேடை நாடகமே போட்டவர். முதல் சீசனில் 1952 டிசம்பர் லண்டன் புகைமூட்டம் வருமே, சர்ச்சிலின் செயலாளராக ஒரு பெண், பஸ்ஸில் அடிபட்டுச் சாவாள். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. ஆனால் அந்தப் புகையில் செத்தவர்கள் அரசாங்கக் கணக்கிலேயே 4,000 பேர், பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரைக்கும் சொல்கின்றன. அத்தனை பேருக்கும் பதிலாக ஒரு முகத்தைக் காட்டினார்கள். அதில் யாருக்கும் தீங்கு இல்லை. பேச்சைக் கற்பனை செய்யட்டும், ஆளைக் கற்பனை செய்யட்டும். நிஜமாக வாழ்ந்த ஒருவன் மேல் செய்யாத பாவத்தைக் கற்பனை செய்து ஏற்றலாமா? அந்த எபிசோட் 2017 டிசம்பரில் வந்தபோது பிலிப் உயிரோடு இருந்தார், வயது 96. அந்த அப்பா 1944லேயே போய்விட்டார், நான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுந்து வந்து சொல்லவா போகிறார்?

ஏன் நம்பினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஓரத்தில் இருப்பதெல்லாம் உண்மை. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் தெருவில் அந்தப் பையன் சவப்பெட்டிகளுக்குப் பின்னால் நடந்து போவது, கூட நாஜி சீருடையில் உறவினர்கள், இதற்கெல்லாம் நிஜப் போட்டோ இருக்கிறது. கோட்டுப் பட்டன் வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். அந்தக் கோட்டை நம்பியவள் அப்பாவின் வாயில் வந்ததையும் நம்பிவிட்டேன்.

அபர்ஃபான் எபிசோடும் அப்படித்தான். வேல்ஸில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடிய கதை. 1966 அக்டோபர் 21, காலை ஒன்பதே கால். 144 பேர், அதில் 116 குழந்தைகள். அந்தச் சுரங்க ஊரின் முகங்களை அவ்வளவு பதமாகக் காட்டிவிட்டு, கடைசியில் ராணி பிரதமரிடம், கண்ணீர் வரவில்லை, வறண்ட கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்று சொல்வதாக வைத்தார்கள். எட்டு நாள் தாமதமாகப் போனார் என்பது உண்மை, அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அன்று அங்கே இருந்தவர்கள் அவர் கண் கலங்கியதைப் பார்த்ததாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கண்ணீர் வந்ததா வரவில்லையா என்ற ஆராய்ச்சியில், உண்மையிலேயே வயிறு எரிய வேண்டிய விஷயம் பின்னால் போய்விட்டது. அந்தக் கழிவு மேடு ஊற்றுத் தண்ணீர் மேலேயே கொட்டப்பட்டது. விசாரணைக் குழு நிலக்கரி வாரியத்தின் மேல்தான் குற்றம் என்று தீர்ப்புச் சொன்னது. அப்படியும், மிச்சமிருந்த மேடுகளை அகற்றும் செலவுக்கு, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊருக்கென்று உலகம் அனுப்பிய நன்கொடையில் இருந்து 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். 1997இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டி இல்லாமல். படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்திலும் இதற்குச் சண்டை நடந்திருக்கிறது. 2020இல் கலாசார அமைச்சர், இது கற்பனை என்று முன்னால் போடுங்கள் என்று கேட்டார். நெட்ஃபிளிக்ஸ் முடியாது என்றது. 2022இல் நடிகை ஜூடி டென்ச் அதையே கேட்டுப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். ஐந்தாவது சீசன் டிரெய்லருக்குக் கீழே மட்டும் கற்பனைச் சித்திரிப்பு என்று ஒரு வரி போட்டார்கள். நானும் முதலில் அந்த அம்மா கட்சிதான். ஆனால் பாலு அன்று கொல்லையில் இன்னொன்றும் கேட்டான். "அப்படிப் போட்டிருந்தா மட்டும் நீங்க நம்பாம இருந்திருப்பீங்களா?" நம்பித்தான் இருப்பேன். சிகரெட் எச்சரிக்கை மாதிரி அது ஓடும், நாம் தண்ணீர் குடிக்க எழுந்து போவோம். எனக்குப் போதும் என்று படுவது வேறு. எபிசோட் முடிந்ததும் ஒரே ஒரு வரி: செசிலி முதலிலிருந்தே அந்தக் கல்யாணத்துக்குப் போவதாகத்தான் இருந்தார். இவ்வளவுதான். அவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அதைப் போட்டிருந்தால் நான் பாலுவிடம் வேறு கதை சொல்லியிருப்பேன்.

சொல்ல வேண்டியதும் அந்த வேறு கதைதான் வசந்தா, இத்தனை நாள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அவனுக்குச் சொன்ன ஆறுதல் என்ன? உன்னை மாதிரியே தப்பு செய்த ஒருவன் தாங்கிக்கொண்டான் என்று. அப்படியென்றால் தப்பு செய்ததாக நானே ஒத்துக்கொண்டேன் அல்லவா! அந்தத் திண்ணை இருட்டில் அது அவன் காதில் எப்படி விழுந்திருக்கும்? உண்மைக் கதையில் தப்பு செய்த பையனே இல்லை. பனி, ஒரு புகைபோக்கி, ஒரு கல்யாணம். இங்கே தூறல், ஒரு லாரி, ஆறிப்போகக்கூடாத சாதம். இதை அவனுக்கு எப்படிச் சொல்வது? ஒருமுறை பொய்க்கதை சொன்ன அத்தை வாயில் இருந்து வந்தால் எடுபடுமா?

போன வாரம் அவனிடம் இருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஒன்றரை மாதத்தில் முதல் மெசேஜ். நலமா கிலமா ஒன்றும் இல்லை. "அந்த யோஹன்னா பாப்பாவ ஏன் பிளேன்ல கூட்டிட்டுப் போகல அத்தை?" என்று மட்டும் கேட்டிருந்தான். பச்சைக்குழந்தை என்று விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், நேரில் வா பேசலாம் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

நீயும் ஆடி பிறப்பதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். சின்ன வயதில் உன் மடியில்தான் தூங்குவான், உன்னிடம் பேசுவான். வரும்போது அந்த நரம்புக்கு ஒரு தைலம் வாங்கினாயே, அதில் ஒரு பாட்டில் வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை. ரசப்பொடி அரைத்து உனக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
ராஜம்