குட்டிதான் வேண்டுமா? காப்பகத்தில் நிற்கும் பெரிய நாயையும் ஒருமுறை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தெருநாய்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று ஒரு சாரார், வாயில்லா ஜீவன்களைத் தொடாதீர்கள் என்று இன்னொரு சாரார். நாய்க்கடியால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் யாரும் வாதம் பண்ண முடியாது, அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் காப்பகத்துக்குள் போன நாய் அப்புறம் எப்படி வெளியே வரும், யார் வீட்டுக்குப் போகும் என்பதைப் பற்றி இரண்டு சாராருமே பேசக் காணோம். சென்னையில் ஒரு காப்பகத்தில் வார இறுதிகளில் கூண்டு கழுவுவது, நாய்களை நடத்திக் கூட்டிப் போவது, தத்தெடுக்க வருகிறவர்களிடம் பேசுவது என்று கூடமாட வேலை செய்கிறவள் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காப்பகம் என்றால் எத்தனை நாய் வந்தாலும் கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். கொள்ளாது. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி டில்லித் தெருநாய்களைக் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு. அதே உத்தரவில், விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது என்றும் இருந்தது. பிறகு நவம்பர் 7-ஆம் தேதி, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது, காப்பகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கூண்டு காலியானால்தானே அடுத்ததை உள்ளே விட முடியும்? வண்டியில் அடிபட்டு இடுப்பு நகர்ந்து வரும் நாய்க்கு இடமில்லை என்று சொல்லவேண்டி வருவது, நல்ல உடம்போடு, நல்ல குணத்தோடு, யாரும் கேட்காமல் வருஷக்கணக்காக உள்ளேயே கிடக்கும் பெரிய நாய்களால்தான். அவை மேல் குற்றம் இல்லை, கேட்டு வர ஆளில்லை, அவ்வளவுதான்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது குட்டி. "ரெண்டு மாசக் குட்டி இருக்கா, வெள்ளையா இருந்தா நல்லா இருக்கும்" என்பதுதான் முதல் வார்த்தை. பெரிய நாய் பழகாது, பழைய வீட்டை மறக்காது, கடிக்கும், குட்டியிலிருந்து வளர்த்தால்தான் விசுவாசமாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கறுப்பு நாயாக இருந்தால் இன்னும் மோசம், ராசியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

குட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பார்வோ என்ற வைரஸ் நோயின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். நேற்று வரை ஓடி விளையாடிய குட்டி இன்று சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், அப்புறம் ரத்தமாகப் போகும், ஒரு நாள் தாமதித்தால்கூட கைமீறிப் போய்விடும். இதற்கான தடுப்பூசி ஒரே தடவை போட்டு முடிகிற விஷயமும் இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட்டாக வேண்டும், ஏனென்றால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அந்த இடைவெளியில்தான் நோய் நுழைகிறது. பார்வோ வந்து ஒரு குட்டி போன வீட்டில் அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் இருக்கும், ஃபினாயிலை நம்பிப் பிரயோஜனமில்லை, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினால்தான் போகும். இது தெரியாமல், போன குட்டியின் துக்கத்தை மறக்க அடுத்த மாதமே இன்னொன்றைக் கொண்டுவந்து அதையும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இதோடு ராத்திரி அழுகை, செருப்பு கடிப்பது, வீடெல்லாம் மூத்திரம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு குட்டியைப் பகல் முழுக்கத் தனியே பூட்டிவைப்பது அதற்கும் பாவம், உங்களுக்கும் சிரமம்.

பெரிய நாயிடம் இந்தக் கவலைகள் பெரும்பாலும் முடிந்துபோனவை. எங்கள் காப்பகத்தில் இப்போது ஒரு பழுப்பு நிறப் பெண் நாய் இருக்கிறது, ஐந்து ஆறு வயது இருக்கும், காது நுனியில் கருத்தடை செய்ததற்கான வெட்டு, முகவாயில் லேசாக நரை. தடுப்பூசி எல்லாம் போட்டாகிவிட்டது. மற்ற நாய்களெல்லாம் சாப்பாட்டு வாளியைப் பார்த்ததும் கத்தும்போது இது மட்டும் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்து, தன் தட்டு கீழே வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து வரும். பிள்ளைகள் கிட்டே போனால் தானே படுத்துக்கொள்ளும். சங்கிலியை இழுக்காது. பூனையைக் கண்டால் மட்டும் துரத்தும், அதையும் சொல்லிவிடுகிறோம். பெரிய நாயை எடுப்பதில் உள்ள பெரிய லாபமே இதுதான், அதன் குணம் இன்னதென்று முன்கூட்டியே தெரியும், எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு சாப்பிடும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்குத் துறுதுறுவென்று இருக்கும் குட்டியை விட இப்படி ஒரு நாய் எவ்வளவோ மேல்.

ஆனால் முதல் நாளே அது வாலாட்டிக்கொண்டு மடியில் வந்து படுக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. நாய் மீட்பு வேலையில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் மூன்று நாள் பயம், சாப்பிடாமல்கூட இருக்கும், கட்டிலுக்கு அடியில் போய்விடும். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், யார் எப்போது வருவார்கள், கதவு எப்போது திறக்கும் என்று. இது நம் வீடு என்று அதற்கு முழுசாகப் புரிய மூன்று மாதம் ஆகும். திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர்களில் நிறையப் பேர் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறார்கள், "சாப்பிட மாட்டேங்குது, எங்களைப் பிடிக்கலை போல" என்று. பிடிக்காமல் இல்லை. ஒரு மூலையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, தண்ணீர் வைத்து, சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்துக் காட்டாமல், அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள், தானே வரும். வாசல்கதவை மட்டும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பயந்த நாய் முதல் வாரத்தில் ஓடிவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது. தீபாவளி நெருங்கும் நேரத்தில் புதிதாக எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது, பட்டாசுச் சத்தத்தில் பழகிய நாயே ஓடிவிடுகிறது.

வீட்டுக்காரர் விடமாட்டார், அபார்ட்மென்ட் சங்கம் விடாது என்பது இன்னொரு காரணம். வாடகை வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் வழி. ஆனால் குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்புப் பிராணியே கூடாது என்று தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதேபோல லிஃப்ட்டில், படிக்கட்டில் நாய் அசுத்தம் பண்ணினால் சுத்தம் செய்வது வளர்ப்பவர் கடமை, அதில் சண்டைக்கு நிற்கக்கூடாது. நாயைப் பிடிக்காத அயல்வீட்டுக்காரருக்கும் அந்த லிஃப்ட் சொந்தம்தான்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்பாக வைத்திருக்கும் வீடுகளிலேயே நாய்கள் வீணாகச் சாகின்றன. நம் ஊரில் முதல் எதிரி உண்ணி. நாய் மேல் பத்து உண்ணி தெரிந்தால் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும், நாயை மட்டும் குளிப்பாட்டித் தீராது. வாரம் ஒருமுறை விரல் இடுக்கு, காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். தோலில் மிளகு மாதிரி தட்டுப்பட்டால் அதுதான். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தோ மாத்திரையோதான் சரி. நாய் திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கினால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். மாத்திரை பெரும்பாலும் நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் பரவுவது, நாய்க்கு வந்தால் அதன் மூத்திரம் வழியாக நமக்கும் வரலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள், வருஷா வருஷம் போட வேண்டும். வெறிநோய் ஊசியும் அப்படித்தான். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் அநேகமாகப் பிழைப்பே இல்லை, ஆனால் முழுக்கத் தடுக்கக்கூடியது. ஜூலை 6-ஆம் தேதி வரும் விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுகிறார்கள், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ல் அந்த ஊசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்ட நாள் அது. வீட்டு நாய் கீறினாலும் கடித்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் அப்பாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில், வெறும் தயிர்சாதத்திலேயே வளரும் நாய்கள் எத்தனையோ. சாதம் தப்பில்லை, அதோடு முட்டையோ கோழியோ சேர வேண்டும், இல்லாவிட்டால் முடி கொட்டி, தசை வற்றிப் போகும். வெங்காயம் போட்ட குழம்பு, பிரியாணி, திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலில் குத்தும். பூனை வளர்ப்பவர்களுக்கு இரண்டே இரண்டு: காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே உயிரைக் கொண்டுபோய்விடும். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள், அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு விஷம். பணம் ஒரு பிரச்சினை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும், ஆனால் நல்ல மருத்துவர்கள்.

காப்பகத்தில் இருப்பதெல்லாம் தெருநாய் என்றும் நினைக்காதீர்கள். ஆசையாக வாங்கி, வீடு மாறும்போதோ குழந்தை பிறந்தபோதோ வாசலில் கட்டிவிட்டுப் போன ஜாதி நாய்களும் உண்டு. அவற்றைப் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கும். தெருவில் பிழைக்கத் தெரியாது, ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து கேட் பக்கம் ஓடும். பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அதை மாற்றவில்லை. சென்னை மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் கேட்பது நல்ல காரியம். உரிமம் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்பதைப் பலர் திட்டுகிறார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை, விட்டுவிட்டுப் போனவர் யாரென்று இனிமேல் கண்டுபிடிக்க முடியுமே. அதோடு மாநகராட்சியிடம் ஒரு கோரிக்கை: காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயை எடுப்பவர்களுக்கு உரிமக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, முதல் வருஷ ஊசியையும் இலவசமாகப் போடலாம். அந்த நாயைக் காலமெல்லாம் கூண்டில் வைத்துச் சோறு போடும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இந்த ஊரில்தான் 1959-ல் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு தொடங்கியது, கொல்வது தீர்வில்லை, கருத்தடைதான் வழி என்று 1964-லிருந்தே செய்து காட்டியது. அந்தப் பெருமை உள்ள நகரத்தில் பெரிய நாய் என்றால் வேண்டாம் என்கிற பழக்கம் மாற உங்கள் பத்திரிகையும் உதவ முடியும். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஜாதிக்குட்டி விற்பனை விளம்பரங்கள் வரும் பக்கத்திலேயே உள்ளங்கை அளவு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு காப்பகம், அங்கே இருக்கும் ஒரே ஒரு வளர்ந்த நாய், அதன் படம், வயது, குணம், போட்ட ஊசிகள், பிள்ளைகளோடும் பூனைகளோடும் ஒத்துப்போகுமா என்ற விவரம், காப்பகத்தின் தொலைபேசி எண். முதல் வாரத்துக்கு அந்தப் பழுப்பு நாயின் படத்தையும் விவரத்தையும் அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை - 42