மெடூசாவும் பெர்சியின் அம்மாவும்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் எட்டிப் பார்க்கவில்லை.

உன் மகள் பெர்சி ஜாக்சன் கதைப் புத்தகமும் கையுமாகத் திரிகிறாள், கிரேக்கப் புராணத்தை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று புலம்பியிருந்தாய். கொஞ்சம் பொறுடி. அதை எழுதிய ரிக் ரையர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். டிஸ்லெக்சியாவால் படிக்கச் சிரமப்பட்ட தன் மகனுக்கு ராத்திரியில் சொன்ன கதைதான் 2005இல் முதல் புத்தகமாக வந்தது. அதனால்தான் கதாநாயகன் பெர்சிக்கும் எழுத்துகள் கண்முன் மிதக்கின்றன. அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்குப் பழகியதாம். கதையில் தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் இருப்பது நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடியில். நிஜத்தில் அதற்கு 102 மாடிதான். சரி, அதெல்லாம் வேடிக்கை.

எனக்குப் பிடித்தது பெர்சியின் அம்மாவின் கதை. பழைய கிரேக்கக் கதையில் செரிஃபோஸ் தீவின் அரசன் பாலிடெக்டீஸ், பெர்சியஸின் தாய் டானயி மேல் கண் வைக்கிறான். குறுக்கே நிற்கும் மகனை, பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் தலையைக் கொண்டுவா என்று அனுப்பிவிடுகிறான். போனவன் தலையோடு திரும்பி அரசனையே கல்லாக்குகிறான். ரையர்டன் அரசன் இருந்த இடத்தில், சீட்டாடிக்கொண்டு பெண்டாட்டியை, அதாவது பெர்சியின் அம்மாவை, மிரட்டும் கேப் என்பவனை உட்கார வைக்கிறார். ஆனால் இங்கே மகன் தலையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறான். கணவனைக் கல்லாக்குவது அவள்தான். அதைச் சிற்பம் என்று விற்று, அந்தக் காசில் கல்லூரிக்கும் போகிறாள்! இதையா கெடுத்தது என்கிறாய்?

மெடூசா விஷயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் கடல் தெய்வம் பொசைடன், அதீனா என்ற பெண் தெய்வத்தின் கோவிலில் அவளைப் பலவந்தம் செய்கிறது. கூந்தல் பாம்பாகிற தண்டனை அவளுக்கு. இன்னும் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டில் பலவந்தமும் இல்லை, சாபமும் இல்லை. ரையர்டன் சாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கோவிலில் நடந்ததைக் காதலர் சந்திப்பாக்கிவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும் சங்கடம் புரிகிறது. இருந்தாலும், பெர்சி அந்தக் கடல் தெய்வத்தின் மகன் அல்லவா? அப்பா செய்தது என்ன என்று ஒரு நொடியாவது அவனை யோசிக்க விட்டிருக்கலாம்.

உன் மகள் யார் பக்கம் என்று கேட்டு எழுது. அடுத்த பாகம் கிடைக்கவில்லை என்றால் சொல்லு, இங்கே தேடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தி