கடன் முடியும்வரை காத்திருக்காதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, யார் துணையும் இல்லாமல் படியேறுகிறார் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சின்னவள் சைக்கிள் பழகிவிட்டாள் என்பது அதைவிட மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய். "முதலில் இந்தக் கடன் ஒழியட்டும், அப்புறம் தம் அடிப்பதை விட்டுவிடுகிறேன். ரெண்டையும் ஒரே நேரத்தில் என்னால் சமாளிக்க முடியாது." அதைப் படித்ததிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

என் பக்கத்துச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டு பாக்கி முழுதும் அடைந்துவிட்டது. பர்சனல் லோனில் பாதிக்கு மேல் கட்டியாயிற்று. மாமாவிடம் வாங்கிய கைமாத்து மட்டும் அப்படியே நிற்கிறது, அவர் அவசரப்படுத்தவில்லை. சிகரெட்டை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவைதான். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடலாம் என்று இருந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கடன் கவலைக்கு சிகரெட் ஒன்றுதான் ஆறுதல் என்கிறாய். அந்த ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார். புகையை இழுத்த சில விநாடிகளில், புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் மூளையைத் தொட்டுவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது குறையக் குறைய எரிச்சல் வரும், கவனம் சிதறும், பதற்றம் கூடும். அடுத்ததைப் பற்றவைத்ததும் அந்தத் தவிப்பு அடங்கும். கிரெடிட் கார்டுக்கு மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கேட்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிற மாதிரிதான் இது. அன்றைய தொல்லை தீரும், அசல் அசையாது. வங்கிக்காரர் போன் செய்ததால் வந்த கவலை அப்படியே இருக்கிறது, நிக்கோட்டின் இல்லாததால் வந்த தவிப்பு மட்டும்தான் தணிகிறது. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. புகையை விட்டவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. கடன் இருக்கும் காலத்தில்தான் இந்த நிதானம் நமக்கு அதிகம் வேண்டும். நடுக்கத்தோடு எடுக்கிற பண முடிவுகள் எப்படிப்பட்டவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று எழுதியிருந்தாய், வசூல் ஆள் பேசி வைத்ததும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது என்று. எனக்கும் அந்த இடம்தான் மிகவும் கடினமாக இருந்தது. சாப்பிட்ட பிறகு வருகிற ஆசையைக்கூடத் தள்ளிவிடலாம், அந்தப் போன் வந்த பிறகு வருவதைத் தள்ளுவது பெரிய பாடு. நான் செய்தது இதுதான். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வாசலுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே மேசையில் உட்கார்ந்து எடுப்பேன். கையில் பேனா இருக்கும். யார் பேசுகிறார், எவ்வளவு கேட்கிறார், எந்தத் தேதி சொல்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். பேசி முடித்ததும் எழுதியதை ஒருமுறை படிப்பேன். ஆசை உச்சத்தில் நிற்பது சில நிமிடங்கள்தான், அதற்குள் அது கடந்துவிடும். பின்னால் வட்டித் தள்ளுபடி பற்றி அவர்களிடம் பேச வேண்டி வந்தபோது அந்த நோட்டு மிகவும் உதவியது. தேதி வாரியாக எடுத்துச் சொன்னதும் அவர்கள் பேசும் தொனியே மாறிவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்கிறாயே, அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருக்கும் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுக்கத் தோன்றும். 2016இல் சுமார் 700 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேர் ஒரு நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்தினார்கள், மீதிப் பேர் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதமும், குறைத்து விட்டவர்களில் 39 சதவீதமும் புகைக்காமல் இருந்தார்கள். நாள் குறி. சம்பளம் வந்த மறுநாளாக இருந்தால் நல்லது, தவணை கட்டியாகிவிட்ட தெம்பு இருக்கும்.

முதல் மூன்று நாள் கடுமையாகத்தான் இருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உடம்பு பெருமளவு பழகிவிடும். அந்த நாட்களில் காபியைப் பாதியாகக் குறைத்துக்கொள், இதைப் பலரும் சொல்வதில்லை. புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காபியிலுள்ள காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே அளவு காபி குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் அதிகமாகத் தங்கும். தூக்கம் வராமல், நெஞ்சு அடித்துக்கொண்டால் எல்லாமே சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடியும் பற்றவைக்கத் தோன்றும். எடை கொஞ்சம் ஏறலாம், அதற்கு இப்போது கவலைப்படாதே.

சிகரெட்டை நிறுத்த உதவும் மருந்துக்குச் செலவழிக்கத் தயங்காதே. கடன் இருக்கும்போது தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பேட்ச் எதற்கு, நிக்கோட்டின் சூயிங்கம் எதற்கு, மன உறுதி போதாதா என்று உனக்குத் தோன்றும். நிக்கோட்டின் பேட்ச், கம் போன்றவை வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் வரை கூட்டுகின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு. ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பேட்சையும் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துவது மேலும் பலன் தரும். வரனிக்லின் என்று மாத்திரையும் இருக்கிறது, அது டாக்டரைக் கேட்டுத்தான். எல்லாம் சில மாதச் செலவு, சிகரெட் அப்படியில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். சிகரெட்டில் மிச்சமான காசு தானாகக் கடனுக்குப் போய்ச் சேராது. பையில் இருந்தால் வேறு எதிலாவது கரைந்துவிடும். நான் தினமும் இரவு, அன்றைக்கு வாங்கியிருக்கக்கூடிய சிகரெட்டின் விலையைப் போனிலிருந்தே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். மாதக் கடைசியில் அந்தத் தொகை முழுவதும் கார்டுக்குப் போகும், வழக்கமாகக் கட்டுகிற தொகைக்கு மேல் கூடுதலாக. கார்டு ஏன் முதலில் என்று கேட்பாய். மாதம் 3 சதவீதம் வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும், ஒன்றும் கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகும். சிலர் சின்னக் கடனை முதலில் அடைத்தால் தெம்பு வரும் என்பார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனால் தினமும் ஒரு ஆசையை அடக்கி மிச்சம் பிடித்த காசு அது, எங்கே அதிகம் எரிகிறதோ அங்கேதான் அதைக் கொட்ட வேண்டும் என்பது என் கட்சி. லோனில் கூடுதலாகக் கட்டும்போது மட்டும், அது அசலில் கழிகிறதா, முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

உன் மனைவியிடம் கடனின் முழுத் தொகையையும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். தம் அடிப்பதையும் மறைக்கிறாய். தயவுசெய்து சொல்லிவிடு, முடிந்தால் ஒரே இரவில் இரண்டையும். நான் சொன்னபோது வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவளே பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மறைக்கிறவனுக்கு ஒதுங்கி நிற்க ஒரு மூலை தேவைப்படுகிறது, அந்த மூலையில்தான் சிகரெட்டும் பற்றுகிறது.

நடுவில் எப்போதாவது ஒன்று பற்றவைத்துவிட்டால், போச்சு என்று பாக்கெட்டை வாங்கிவிடாதே. ஒரு தவணை தவறினால் அடுத்த மாதத்திலிருந்து கட்டாமல் விட்டுவிடுவாயா? மறுநாள் காலை மறுபடி ஆரம்பி, எனக்கும் சொல்.

நமக்கு வயது நாற்பதை ஒட்டி வந்துவிட்டது. பிரிட்டனில் 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 1951இலிருந்து 50 வருடம் தொடர்ந்து கவனித்தார் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர். புகையை விடாதவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் 9 வருடம் மிஞ்சியது, 50இல் விட்டவர்களுக்கு 6. உன் லோன் முடிய இன்னும் எத்தனை வருடம் என்று பார். அதுவரை இதைத் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை, உன்னை இழக்கவும் முடியாதுடா.

உன் கடன்கள் எல்லாவற்றையும் வட்டி விகிதம், பாக்கி, தவணைத் தேதி போட்டு எனக்கு அனுப்பு. எதற்கு முதலில் கட்டலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். நாள் குறித்ததும் தெரியப்படுத்து. முதல் மூன்று நாளும் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன், ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், சின்னவளுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்