பை நண்டைக் கடலில் விடச் சொல்லும் உத்தரவை மாற்றக் கோரி மூன்றாம் மனு

அனுப்புநர்: கழிமுகக் கரை நண்டு மீனவர்கள்
பெறுநர்: உதவி இயக்குநர் அவர்கள், மீன்வளத் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

வயிற்றடியில் ஒட்டுண்ணியின் பை தொங்கும் நண்டைத்தான் பை நண்டு என்கிறோம். அதையும் கடலில் விடச் சொல்கிறார்கள் சோதனை ஊழியர்கள். இதுபற்றிய முந்தைய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லாததால் மீண்டும் எழுதுகிறோம். கழிமுக வாயும் சேற்றுத் திட்டும் தாங்கள் நேரில் பார்த்த இடங்களே.

1. ஓட்டின் மேல் ஒட்டும் சாதாரணக் கொட்டலசு பற்றியது அல்ல இம்மனு. அதைச் சுரண்டினால் போய்விடும். இது சாக்குலினா, நண்டின் உடலுக்குள் வேர்விடும் கொட்டலசு இன ஒட்டுண்ணி. இதன் பெண் இளவுயிரி நண்டின் மேல் ஒட்டிக்கொண்டு உடலுக்குள் சில செல்களைச் செலுத்தும். அவை வேராகிக் குடலைச் சுற்றிப் படரும். அதன் பிறகே வயிற்று மடலுக்கு அடியில் பை தள்ளும்.

2. பை தள்ளிய நண்டு ஓடு கழற்றாது, வளராது, சினையும் பிடிக்காது. ஆண் நண்டுக்கும் மடல் பெண் நண்டுபோல் அகன்றுவிடும். தன் சினையென்றே அந்தப் பையைத் துடைத்துக் காக்கும். வெளிவருவதோ ஒட்டுண்ணியின் குஞ்சுகள்.

3. எங்களை வதைப்பது இதுதான். சினை நண்டையும் சிறு நண்டையும் கடலில் விட வேண்டும் என்பது விதி. அதை மதிக்கிறோம். ஆனால் பை நண்டு பார்வைக்குச் சினை நண்டு, வளராததால் அளவிலும் சிறியது. இரண்டு வகையிலும் அதைத்தான் திருப்பி விட வைக்கிறார்கள்! நல்ல பெரிய நண்டு கூடைக்கு, நோய் நண்டு கடலுக்கு. இப்படியே போனால் கழிமுகத்தில் எது மிஞ்சும், ஐயா? வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சினை மணிமணியாக இருக்கும், மடலடிக் கால்களின் மயிரில் கொத்தாகத் தொங்கும், விரலால் தேய்த்தால் உதிரும். பை வழுவழுப்பான ஒரே உருண்டை, நடுவில் ஒற்றைக் காம்பு, ஒரு சிறு துளை. ஆண் நண்டில் "சினை" தெரிந்தால் ஐயமே வேண்டாம். இதைச் சோதனை ஊழியர்களுக்குக் கற்றுத்தர அரை நாள் போதாதா?

4. பையைப் பிய்த்துவிட்டு நண்டை விடுங்கள் என்கிறார்கள். வேர் உள்ளேதானே இருக்கிறது? பிய்த்த பையை நீரில் எறிந்தால் அதிலுள்ள குஞ்சுகளையும் நாமே கடலில் விட்டதாகும்.

5. ஆகவே பை நண்டை, அளவு எதுவானாலும், கரைக்குக் கொண்டுவர அனுமதியுங்கள். எண்ணிப் பதிவு செய்து, அலை எட்டாத மேட்டில் குழி தோண்டிப் புதைக்க இடம் ஒதுக்குங்கள். அதிலிருந்து வடியும் கழிவு நீரும் கழிமுகத்தில் கலக்கக் கூடாது.

6. பை நண்டு சினை நண்டு அல்ல, ஐயா. அதைக் கடலில் விடச் சொல்லாதீர்கள். தயவுசெய்து இம்முறையாவது எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கழிமுகக் கரை நண்டு மீனவர்கள்